தோட்டத்தில் சமூக வேலை: எங்கே கை வைப்பது?

"நாங்கள் ஏழு பேர். எல்லோரும் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள். கேம்பஸ் முடித்துவிட்டு ஊருக்கே திரும்பியிருக்கிறோம். எங்கள் தோட்டத்துக்கும் பக்கத்துத் தோட்டங்களுக்கும் ஏதாவது செய்ய வேண்டும். மாலை வகுப்பு நடத்தலாம், கொப்பி, சப்பாத்து வாங்கிக் கொடுக்கலாம் என்கிறார்கள் சிலர். உரிமை பற்றிப் பேசாமல் அதெல்லாம் செய்து என்ன பயன் என்கிறார்கள் மற்றவர்கள். தொழிற்சங்கம் இருக்கும்போது நீங்கள் எதற்கு என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். எங்கே தொடங்குவது?" நுவரெலியா மாவட்டத்திலிருந்து ஒரு தங்கச்சி இப்படிக் கேட்டிருந்தார். இருபது வருடத்துக்கு மேலாக இந்த வேலையில் இருப்பவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

தங்கச்சி, தோட்டத்து ஆபீஸின் கையில் இருக்கிற ஏதாவது ஒன்றை எடுத்து, சனத்தின் கையில் கொடுக்கிற வேலையிலிருந்து தொடங்குங்கள். அது ஒரு கடிதமாக இருக்கலாம், ஒரு தண்ணீர்க் குழாயாக இருக்கலாம், ஒரு கணக்காக இருக்கலாம். நீங்கள் செய்ய நினைக்கிற எதையும் இந்த ஒரு கேள்வியில் வைத்து நிறுத்துப் பாருங்கள்: இதைச் செய்து முடித்த பிறகு, ஒரு குடும்பம் ஆபீஸ் வாசலில் போய் நிற்க வேண்டிய தேவை ஒன்றாவது குறையுமா?

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்றால், கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்பவர் முதலாளியோடு சண்டை போட்டுக்கொண்டு வெளியே வந்தால், அவருக்குப் போவது வேலை மட்டும்தான். அவருடைய வீடு அங்கேயே இருக்கும், கடிதம் அந்த வீட்டுக்கே வரும், பிள்ளை அதே இடத்தில் விளையாடும். தோட்டத்தில் சம்பளம் கொடுப்பவரும் கூரைத் தகரம் மாற்றுபவரும் ஒருவரே. குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவும் அவர் கையில், தண்ணீர்த் தாங்கியும் அவர் கையில். நடு இரவில் பிரசவ வலி வந்தால் லொறி கேட்டு நிற்பதும் அவரிடம்தான். இவ்வளவையும் ஒரே கையில் வைத்திருக்கிறவரிடம் போய், நிறுவையில் இரண்டு கிலோ குறைத்துவிட்டீர்கள் என்று ஒரு தாய் சொல்ல வேண்டும். சொல்லாமல் இருப்பதற்குப் பெயர் பயந்த சுபாவம் என்று வெளியில் இருந்து வருபவர்கள் எழுதிவிட்டுப் போகிறார்கள். அது பயந்த சுபாவம் இல்லை. அவர் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார், அவ்வளவுதான்.

இந்தக் கட்டு தானாக விழவில்லை. 1820களில் கம்பளைப் பக்கம் கோப்பித் தோட்டங்கள் தொடங்கிய காலத்திலிருந்து ஆட்களை மலைக்குள் இருத்தி வைக்கும் வழிகளைத் தேடிக்கொண்டே இருந்தார்கள். ஆட்களைத் திரட்டி வந்த கங்காணி கொடுத்த முற்பணம் கடனாக ஆனது. அந்தக் கடனை எழுதிய துண்டு இல்லாமல் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போக முடியவில்லை. கோப்பி நோயில் அழிந்து தேயிலை வந்தது; 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் போட்ட தேயிலைதான் பிறகு மலை முழுவதும் படர்ந்தது. பயிர் மாறினாலும் தொழிலாளர் குடியிருந்த வரிசை வீடான லயம் மாறவில்லை. துண்டு முறை 1921இல் சட்டப்படி ஒழிந்தது. ஆனால் பத்துக்குப் பன்னிரண்டு அடி லயத்து அறை, காம்பரா, அந்தத் துண்டின் வேலையைத் தொடர்ந்து செய்தது, இன்றைக்கும் செய்கிறது.

1948இன் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் தோட்டத்து மக்களை நாடற்றவர்களாக்கி இதற்கு மேல் ஒரு பூட்டைப் போட்டது. அதற்கு முந்தைய வருடத் தேர்தலில் இந்த மக்களின் கட்சியான இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியிருந்தது. அடுத்த தேர்தலில் அந்த மக்களுக்கு வாக்கே இல்லை. 1964 ஒக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே, மிச்சம் 150,000 பேர் பற்றிப் பிறகு பார்க்கலாம் என்று பங்கு பிரித்தார்கள். மிச்சமானவர்களை 1974இல் சரிபாதியாகப் பிரித்தார்கள். நாடற்றவர் என்ற பெயர் சட்டத்தில் முற்றாகத் துடைக்கப்படுவதற்கு 2003இன் 35ஆம் இலக்கச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. குடியுரிமை இல்லாத மக்களுக்கு அரசாங்கம் எதையும் நேரடியாகச் செய்யவில்லை. எல்லாம் தோட்டத்தின் வழியாகவே வந்தது. குடியுரிமை வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. நீங்கள் கை வைக்க வேண்டிய இடம் அதுதான்.

முதலில் காகிதத்தைப் பற்றிச் சொல்கிறேன். இதைத்தான் அதிகம் விளக்க வேண்டும், ஏனென்றால் இதைத்தான் எல்லோரும் சின்ன விஷயம் என்று தாண்டிப் போகிறார்கள்.

ஒரு அம்மாவின் பெயர் மாரியாயி என்று வையுங்கள். பிறப்புப் பதிவில் 'மாரியாய்'. செக்ரோலில், அதாவது தோட்டத்துச் சம்பளப் பதிவேட்டில், கணக்கப்பிள்ளை ஆங்கிலத்தில் எழுதியது வேறொரு எழுத்துக்கூட்டல். அடையாள அட்டையில் சிங்களத்தில் எழுதி மறுபடி தமிழுக்கு வந்ததில் 'மாரியை'. கல்யாணப் பதிவில் தகப்பன் பெயர் முன்னால் வந்துவிட்டது, ஊழியர் சேமலாப நிதியான ஈபிஎஃப்பில் பின்னால் போய்விட்டது. இந்த நாலு பேரும் ஒரே ஆள் என்று அவருக்குத் தெரியும், லயத்துக்குத் தெரியும். சட்டத்துக்குத் தெரியாது. ஐம்பது வயதில் பெயர் வெட்டிக்கொண்டு, அதாவது வேலையிலிருந்து விலகி, ஈபிஎஃப் காசுக்கு எழுதிப் போடும்போதுதான் கோப்பு திரும்பி வரும். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் பஸ் காசு, ஒரு நாள் அலைச்சல், எழுதிக் கொடுக்கிறவருக்கு ஒரு காசு. அவசரம் தாங்காமல் கிடைக்கப் போகிற பணத்தைக் காட்டி வட்டிக்குக் கடன் வாங்கியவர்கள் எத்தனையோ பேர்.

இதைத் திருத்த வேண்டிய வயது ஐம்பது அல்ல, இருபத்தைந்து. நீங்கள் ஏழு பேரும் படித்தவர்கள், மூன்று மொழியில் எழுத்துக் கூட்டத் தெரிந்தவர்கள். ஒரு லயத்தை எடுத்து, வீட்டுக்கு வீடு போய், ஒவ்வொருவருடைய பிறப்பத்தாட்சி, அடையாள அட்டை, செக்ரோல் பெயர், ஈபிஎஃப் இலக்கம் ஆகிய நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் எது சரி என்று அவரையே கேளுங்கள். பெரும்பாலானவை சமாதான நீதவான் முன்னால் ஒரு சத்தியக் கடதாசியோடு முடியும். சிலதுக்குப் பதிவாளர் அலுவலகத்தில் பெயர் திருத்தம் போட வேண்டும். பிறப்பே பதியாத வயதானவர்களுக்குக் காலங்கடந்த பதிவு. ஒரு நடமாடும் சேவையைப் பிரதேச செயலகத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கினால் ஒரே நாளில் ஐம்பது கோப்பு நகரும். ஆனால் நடமாடும் சேவை வருவதற்கு முன்பே நீங்கள் வீட்டுக்கு வீடு போய் முடித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் வரிசையில் நின்று வெறுங்கையோடு திரும்பும் சனம் அடுத்த முறை வராது.

இதோடு சேர்ந்தது கணக்கு. சம்பளத்தில் தொழிலாளியிடம் 8 வீதம் பிடித்து, கம்பெனி 12 வீதம் போட்டு ஈபிஎஃப். அதற்கு மேல் கம்பெனி மட்டும் 3 வீதம் ஈடிஎஃப், அதாவது ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி. 2024இல் நின்ற நாட்சம்பளம் 1,350 ரூபா, மாதம் 25 பேர் (ஒரு பேர் என்பது ஒரு முழு நாள் வேலை) என்று வைத்தால் 33,750 ரூபா. அதில் ஈபிஎஃப் மட்டும் 6,750 ரூபா. இது ஒரு மாதக் கணக்கு. எத்தனை மாதம் கட்டாமல் விட்டிருக்கிறார்கள் என்று பார்க்கத் தெரியாத ஒருவர் எவ்வளவு இழப்பார் என்பதை நீங்களே பெருக்கிப் பாருங்கள். தாமதமாகக் கட்டினால் 5 வீதத்திலிருந்து 50 வீதம் வரை மேலதிகக் கட்டணம் போடச் சட்டத்தில் இடம் இருக்கிறது; தொழில் திணைக்களம் நீதவான் நீதிமன்றத்துக்குப் போய் அறவிடலாம். ஆனால் முறைப்பாடு போக வேண்டும்.

சேவைக்காலப் பணம் இன்னொன்று. 1983இன் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, ஐந்து வருடம் முடித்த நாட்சம்பளத் தொழிலாளிக்கு ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம், கடைசியாக வாங்கிய சம்பளத்தின்படி. முப்பது வருடம் கொழுந்து பறித்தவருக்கு 420 நாள் சம்பளம். 1,350 ரூபா வீதம் 567,000 ரூபா. முப்பது நாளுக்குள் கொடுக்க வேண்டும். 'கம்பெனியிடம் இப்போது காசு இல்லை, தவணையில் தருகிறோம், காம்பராவை ஒப்படைத்தால் தருகிறோம்' என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். கடைசியாகச் சொன்னதைக் கவனியுங்கள்: சேவைக்காலப் பணமும் காம்பராவும் ஒன்றோடொன்று முடிச்சுப் போடப்படுகின்றன. சட்டத்தில் அப்படியொரு முடிச்சு இல்லை. அந்தப் பணம் செய்து முடித்த வேலைக்கு உரியது. அதற்கு எந்தச் சாவியையும் ஈடாகக் கொடுக்க வேண்டியதில்லை.

2016இன் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். ஒரு தோட்டத்தின் ஈபிஎஃப் நிலுவை எவ்வளவு, எந்த மாதத்திலிருந்து, வழக்குப் போட்டார்களா என்று தொழில் திணைக்களத்திடம் தமிழிலேயே எழுதிக் கேட்கலாம். கொடுப்பதா இல்லையா என்று 14 வேலை நாளுக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். நான் பழகிய ஒரு தோட்டத்தில் மூன்று பெண்கள் சேர்ந்து அப்படி ஒரு விண்ணப்பம் போட்டார்கள். பதில் வந்த அன்று, அதை மலையில் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார்கள். அரசாங்க முத்திரையோடு தன் பெயருக்கு ஒரு பதில் வந்ததை அவர்களில் ஒருவர் அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறார். இருபது வருடத்தில் நான் பார்த்த கூட்டங்களில் எனக்குப் பிடித்தது அதுதான். மேடை இல்லை, மைக் இல்லை.

கடிதம் என்றதும் நினைவு வருகிறது. தபால்காரர் கட்டாகக் கொண்டுவந்து ஆபீஸில் வைத்துவிட்டுப் போகிறார். அங்கிருந்து யார் கையிலாவது லயத்துக்கு வருகிறது. வங்கிக் கடிதம், நேர்முகப் பரீட்சைக் கடிதம், நீதிமன்றக் கடிதம் எல்லாம் அப்படித்தான். எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளைக்கு ஆசிரியர் பயிற்சிக்கான நேர்முகக் கடிதம் திகதி முடிந்து ஒன்பது நாள் கழித்துக் கிடைத்தது. அந்தப் பிள்ளை இன்று கொழும்பில் ஒரு துணிக்கடையில் நிற்கிறது. இதற்காக ஒரு போராட்டம் தேவையில்லை. லயத்துக்கு லயம் வீடுகளுக்கு எண் போட்டு, வீதிக்குப் பெயர் வைத்து, கிராம உத்தியோகத்தரிடம் உறுதிப்படுத்தி, தபால் அதிபருக்கும் பிரதேச சபைக்கும் எல்லோரும் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும். சலிப்பான வேலை, விடாமல் செய்ய வேண்டும். ஆனால் முகவரி கிடைத்த வீட்டின் நடத்தையே மாறுகிறது.

பிரதேச சபை பற்றி உங்களில் பலருக்கே தெரிந்திருக்காது. 1987இன் பிரதேச சபைச் சட்டத்தில் 33ஆம் பிரிவு ஒன்று இருந்தது. தோட்டத்துக்குள் சபைப் பணத்தைச் செலவு செய்ய அது தடையாக இருந்தது. வாக்குப் போட்டோம், உறுப்பினர்களைத் தெரிவு செய்தோம், ஆனால் நம் லயத்து ரோட்டுக்கு ஒரு பக்கெட் சீமெந்து போட அந்த உறுப்பினருக்கு அதிகாரம் இருக்கவில்லை. 2018இல் அந்தப் பிரிவைத் திருத்திவிட்டார்கள். இன்றைக்கும் 'இது தோட்டத்து ரோடு, துரைகிட்டக் கேளுங்க' என்று தோட்ட மேலாளரைக் கைகாட்டுபவர்கள் சபையிலும் இருக்கிறார்கள், லயத்திலும் இருக்கிறார்கள். ரோடு, விளக்கு, குப்பை, மையவாடி, வாசிகசாலை எல்லாவற்றுக்கும் சபையின் வரவு செலவுத் திட்டம் தயாராகும் மாதங்களில் எழுத்தில் கோரிக்கை வையுங்கள். நகலில் முத்திரை வாங்க மறக்காதீர்கள்.

இனி வீடு. எல்லாவற்றுக்கும் வேர் இதுதான் என்பது என் எண்ணம். 1970களில் தோட்டங்களை அரசு எடுத்தது; 1992இல் நிர்வாகத்தைக் கம்பெனிகளுக்குக் கொடுத்தது. நிலம் இன்னும் அரசுடையது. கம்பெனிகளுக்கு இருப்பது 53 வருடக் குத்தகை, 2045 வரை. இதை லயத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள். 'துரையுடைய இடம்' என்று மூன்று தலைமுறை சொல்லிவந்த இடம், துரையுடையதும் இல்லை, கம்பெனியுடையதும் இல்லை என்று தெரியும்போது பேச்சின் தொனியே வேறாகிவிடும். 2015க்குப் பிறகு 7 பேர்ச்சஸ் காணியில் தனி வீடு என்ற திட்டம் வந்தது. இந்திய உதவியில் முதலில் 4,000 வீடு, பிறகு 10,000 வீடு என்று அறிவித்தார்கள். வீடு கிடைத்த எல்லோருக்கும் உறுதி, அதாவது காணிப் பத்திரம், கிடைத்துவிடவில்லை. உறுதி இல்லாத தனி வீடு, நல்ல சுவர் வைத்த லயம்தான். ஆகவே வீட்டுத் திட்டம் வருகிறது என்றால் ஓடு, தரை, ஜன்னல் பற்றிக் கேட்பதற்கு முன்னால் கேட்க வேண்டியது: உறுதி யார் பெயரில், கணவன் மனைவி இருவர் பெயரிலுமா, பிரதேச செயலகத்தில் பதிவு எப்போது?

காணி எங்கே என்பதும் அதே அளவு முக்கியம். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணோடு போயின. அந்தச் சரிவு ஆபத்தானது என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் சொல்லியிருந்தது. சொன்னது கடிதமாக இருந்தது. போவதற்கு இடம் இருக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு மலை மறுபடியும் இறங்கியது. உங்கள் தோட்டத்தில் எந்த லயம் ஆபத்தில் இருக்கிறது என்ற அறிக்கையைக் கையில் வைத்திருங்கள், மாற்றுக் காணி கோரிக்கையை அந்த அறிக்கையோடு சேர்த்துக் கொடுங்கள். மழைக்காலத்தில் பாடசாலையில் ஒதுங்கிவிட்டு வெயில் வந்ததும் அதே காம்பராவுக்குத் திரும்புவதைப் பாதுகாப்பு என்று யாரும் எழுத விடாதீர்கள்.

சம்பளத்தைப் பற்றி எல்லோரும் பேசுவதால் நான் ஒன்றிரண்டு மட்டும் சொல்கிறேன். ஆயிரம் ரூபா என்ற கோரிக்கை வருடக்கணக்கில் இழுபட்டு, 2021இல் சம்பள நிர்ணய சபை வழியாக வந்தது. கூட்டு ஒப்பந்தம் அதோடு முடிந்தது. 2024இல் 1,700 என்று வர்த்தமானி வந்தது, கம்பெனிகள் நீதிமன்றம் போயின, கடைசியில் அடிப்படை 1,350 ஆக நின்றது. 2025 நவம்பர் வரவு செலவுத் திட்டத்தில் 1,550உம், வேலைக்கு வந்த நாளுக்கு அரசு தரும் 200உம் என்று அறிவித்தார்கள். இந்த எண்ணிக்கைகள் எல்லாம் பத்திரிகையில் தலைப்பாக வரும். மலையில் நடப்பது தலைப்பில் வராது. ஆயிரம் வந்தபோது பல இடங்களில் பறிக்க வேண்டிய கிலோ ஏறியது, மாதத்தில் கொடுக்கும் நாட்கள் குறைந்தன. 18 கிலோ எடுத்தால் பேர் என்று இருந்தது 20 ஆனது, எட்டாவிட்டால் அரைப்பேர். சாக்குக்கு, ஈரத்துக்கு என்று நிறுவையில் கழிப்பது தனி. நாட்சம்பளம் வர்த்தமானியில் இருக்கிறது. கிலோ வர்த்தமானியில் இல்லை. அதனால் உங்கள் மாலை வகுப்பில் பெரிய பிள்ளைகளுக்கு ஒரு வீட்டுப் பாடம் கொடுங்கள்: அம்மாவிடம் ஒவ்வொரு நிறுவையையும் கேட்டு ஒரு கொப்பியில் எழுதி, மாதக் கடைசியில் சம்பளத் துண்டோடு ஒப்பிட வேண்டும். கணிதமும் ஆகும், சாட்சியமும் ஆகும்.

வருமானப் பகிர்வு முறை, அவுட்குரோவர் முறை என்று குடும்பத்துக்கு ஒரு பங்கு செடியைப் பிரித்துக் கொடுப்பது இப்போது பல தோட்டங்களில் நடக்கிறது. சனத்தில் சிலருக்கு இது பிடித்திருக்கிறது; காலையில் பெயர் கொடுக்கும் பிரட்டுக்கு ஓட வேண்டாம், நேரம் தன் கையில். அந்த ஆசையை நான் குறைத்துப் பேச மாட்டேன். நாட்டின் தேயிலையில் பெரும்பகுதியைப் பறித்துக் கொடுப்பவர்கள் இன்று சிறு தோட்ட உரிமையாளர்கள்தான், பத்தில் ஏழு பங்குக்கு மேல். நம் சனமும் அப்படி ஆகக் கூடாதா? ஆகலாம். ஆனால் சிறு தோட்டக்காரருக்கு நிலம் சொந்தம். நமக்குக் கொடுப்பதில் நிலம் சொந்தமில்லை, கொழுந்தை வேறு தொழிற்சாலைக்கு விற்க முடியாது, உரமும் மருந்தும் கணக்கில் கழியும், ஈபிஎஃப் நின்றுவிடும். முப்பது வருடத்துக் கணக்கை மேலே போட்டுக் காட்டினேனே, அந்தக் கணக்கு அங்கே நிற்கிறது. யாராவது கையெழுத்து வைக்கப் போனால், தமிழில் எழுதிய ஒப்பந்தம் கேட்டு, ஒரு நாள் வீட்டில் வைத்து வாசித்துவிட்டு வைக்கச் சொல்லுங்கள்.

சங்கம் இருக்கும்போது நீங்கள் எதற்கு என்ற கேள்விக்கு வருகிறேன். பெரியவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. 1931இல் ஹட்டனில் நடேசய்யர் தொடங்கிய சங்கம், அவரோடு ஊர் ஊராக மேடையேறிய மீனாட்சி அம்மாள், 1940 ஜனவரியில் முல்லோயாவில் பொலிஸ் சுட்டு விழுந்த கோவிந்தன், 1977 மே மாதம் டெவன் தோட்டத்தில் காணி பறிபோவதைத் தடுக்கப் போய் உயிர் கொடுத்த சிவனு லட்சுமணன். இவர்கள் இல்லாமல் நீங்களும் நானும் இப்படி உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்க மாட்டோம். குடியுரிமையும் சங்கங்கள் பல வருடம் அழுத்தி வாங்கியதுதான். ஆகவே சங்கத்துக்கு எதிராக ஒரு வார்த்தையோடு தொடங்காதீர்கள். தோட்டத் தலைவர்கள் எல்லோரையும், எந்தச் சங்கமானாலும், முதல் வாரத்தில் வீட்டுக்குப் போய்ப் பார்த்துச் சொல்லுங்கள்.

அதே நேரம், சங்கம் செய்யாத வேலை நிறைய இருக்கிறது என்பதும் உண்மை. ஒரு லயத்தில் நாலு சங்கம், நாலு சங்கத்துக்கும் பின்னால் கட்சி. சந்தாவைக்கூட ஆபீஸே சம்பளத்தில் பிடித்து அனுப்பும் முறை நீண்ட காலம் இருந்தது. அதனால் சந்தா கேட்டு ஆளைப் பார்க்கப் போக வேண்டிய தேவை தலைவருக்கு வரவில்லை. சங்கம் சம்பளம் பெறுபவருக்கானது. லயத்தில் இன்று இருப்பவர்களில் பெரும்பாலோர் செக்ரோலில் இல்லை. கொழும்பில் கடையில் நிற்கிறார்கள், வீட்டு வேலைக்கு மத்திய கிழக்கு போகிறார்கள், மரக்கறித் தோட்டத்தில் நாட்கூலி செய்கிறார்கள். அவர்களுக்கு யார் பேசுவது? அந்த இடம் உங்களுடையது.

பெண்கள் விஷயத்தில் சங்கத்தையும் உங்களையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது. கொழுந்து பறிப்பது பெண், பிடித்து நிறுப்பது ஆண், பேசப் போவது ஆண். காலை நாலரைக்கு எழும்பிச் சமைத்து, பிரட்டுக்குப் போய், அட்டைக்கடியும் குளவியும் தாண்டி, கழிப்பறை இல்லாத மலையில் நாள் முழுக்க நின்று, பின்னேரம் விறகோடு வருபவர் இரவு எட்டு மணிக் கூட்டத்துக்கு எப்படி வருவார்? கூட்டத்தை மலைக்குக் கொண்டு போங்கள், சாப்பாட்டு நேரத்தில் அரை மணி. கேரளத்து மூணாறில் 2015 செப்டம்பரில் போனஸ் கேட்டுத் தெருவில் உட்கார்ந்த பெண்களை நினைத்துப் பாருங்கள். தேயிலை மலைத் தமிழ்ப் பெண்கள், தங்கள் சங்கத் தலைவர்களையே ஒதுங்கி நிற்கச் சொன்னவர்கள். அவர்களை யாரும் தயார்படுத்தி அனுப்பவில்லை. ஒன்றாகக் கூடை சுமந்தவர்கள், ஒன்றாகப் போய் உட்கார்ந்தார்கள். நம் பக்கத்தில் பிரசவ விடுமுறை 84 நாள் என்பது எத்தனையாவது பிள்ளை என்றாலும் பொருந்தும் என்று 2018இல் சட்டம் திருத்தினார்கள். மூன்றாவது பிள்ளைக்கு அரைவாசிதான் என்று இன்னும் நம்பிக்கொண்டிருக்கும் தாய்மாரை நான் பார்க்கிறேன். ஒரு அரை மணிக் கூட்டத்துக்கு இது ஒன்றே போதும்.

கொப்பி, சப்பாத்து கொடுப்பது பற்றி. தவறு என்று சொல்ல மாட்டேன். பிள்ளைக்கு நாளைக்கே சப்பாத்து வேண்டும், உரிமை வந்து சேரும் வரை கால் காத்திருக்காது. ஆனால் கொடுக்கும் படத்தைப் போட வேண்டாம். பிள்ளை வளர்ந்து அந்தப் படத்தைப் பார்க்கும். அதைவிட, பிள்ளைக்காம்பராவில் போய் ஒரு காலைப்பொழுது உட்காருங்கள். 2016 நாடளாவிய சுகாதாரக் கணக்கெடுப்பில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாட்டில் 17.3 வீதம், தோட்டத்தில் 31.7 வீதம். மூன்றில் ஒரு பிள்ளை. மாலை வகுப்பில் பத்து வயதில் கூட்டல் பிழைவிடும் பிள்ளைக்கு, பிழை தொடங்கியது இரண்டு வயதுத் தட்டில். குடும்ப சுகாதார உத்தியோகத்தர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறார், எடை பார்க்கும் அட்டையில் எந்தப் பிள்ளை சிவப்புக் கோட்டுக்குக் கீழே என்று நீங்கள் ஏழு பேரும் பெயர் பெயராகத் தெரிந்து வைத்திருந்தால், அது நூறு கொப்பிக்கு மேல்.

மொழி பற்றி ஒரு வார்த்தை. பொலிஸில், ஆஸ்பத்திரியில், தொழில் அலுவலகத்தில் தமிழில் எழுதிக் கொடுத்தால் வாங்க வேண்டும். சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தில் கையெழுத்து வைக்கச் சொன்னால், வாசித்து விளங்கப்படுத்தச் சொல்லுங்கள். வாங்க மறுத்தால் திகதி, நேரம், அலுவலகம் குறித்து அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கும் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கும் எழுதலாம். அடிப்படை உரிமை மீறலுக்கு உயர் நீதிமன்றம் போக ஒரு மாதம்தான் தவணை என்பதால், யோசிக்கலாம் என்று நாளைக் கடத்த வேண்டாம்.

நிதி தேடி ஓடாதீர்கள், முதல் வருடத்திலாவது. நிதி வந்தால் அதற்கு ஒரு திட்ட அறிக்கை, திட்ட அறிக்கைக்கு ஒரு தலைப்பு, தலைப்புக்கு ஏற்றபடி சனத்தின் கஷ்டத்தை வெட்டித் தைக்க வேண்டி வரும். மூன்று வருடத்தில் முடிந்து, ஒரு பெயர்ப்பலகை மட்டும் லயத்துச் சுவரில் நிற்கும். அப்படி நின்ற பலகைகளில் ஒன்றிரண்டில் என் கையும் இருக்கிறது, வருத்தத்தோடுதான் சொல்கிறேன். நான் சொன்ன வேலைகளுக்குத் தேவைப்படுவது பஸ் காசு, நகல் எடுக்கும் காசு, ஒரு நல்ல கோப்பு அலுமாரி. அந்த அலுமாரியை உங்கள் வீட்டில் வைக்காதீர்கள். கோயில் மண்டபத்திலோ வாசிகசாலையிலோ வைத்து, சாவியை லயத்துப் பெண்கள் இருவரிடம் கொடுங்கள். எழுதுவதையும் நீங்களே எழுதிக் கொடுத்துக்கொண்டிருக்காதீர்கள். முதல் கடிதம் நீங்கள் எழுதுங்கள், இரண்டாவதை அவர்கள் சொல்லச் சொல்ல எழுதுங்கள், மூன்றாவதை அவர்கள் வீட்டு ஓஎல் பிள்ளை எழுதட்டும். இல்லாவிட்டால் ஆபீஸ் வாசலில் நின்ற சனம் உங்கள் வாசலில் வந்து நிற்கும், வாசல் மட்டும்தான் மாறியிருக்கும்.

வரும் 10ஆம் திகதி சம்பள நாள். அன்று பின்னேரம் ஏழு பேரும் ஏழு லயத்துக்குப் போங்கள். எதையும் விளக்க வேண்டாம், வாக்குறுதி கொடுக்க வேண்டாம். தேத்தண்ணி கொடுத்தால் குடியுங்கள். சம்பளத் துண்டைக் காட்டச் சொல்லி, அதில் கழிக்கப்பட்டிருக்கும் ஒவ்வொரு வரியும் எதற்கு என்று அந்த அம்மாவிடமே கேளுங்கள். அவருக்குத் தெரியாத வரிகளை ஒரு கொப்பியில் எழுதுங்கள். ஏழு லயத்துக் கொப்பியையும் 11ஆம் திகதி ஒன்றாக வைத்துப் பாருங்கள். முதல் ஆறு மாதத்துக்கான உங்கள் வேலை அதில் எழுதியிருக்கும்.